தருமபுரியிலிருந்து குவாண்டம் ஆய்வகம் வரை: பரிசோதனை இயற்பியலில் ஆய்வாளராவதற்கு முழுமையான வழிகாட்டி

குவாண்டம் என்றதும் கரும்பலகை நிறைய சமன்பாடுகளைத்தான் பலரும் கற்பனை செய்கிறார்கள். பரிசோதனைக் குவாண்டம் ஆய்வகத்தில் ஒரு நாள் போவது வேறு மாதிரி. காலையில் லேசர் நேற்று நின்ற அலைநீளத்தில் இல்லை, ஏன் என்று தேட வேண்டும். மதியம் ஒரு கேபிளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறியிருக்கிறது, எர்த் எங்கே வளையமாகியிருக்கிறது என்று ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். மாலையில் வெற்றிடக் கலத்தின் அழுத்தம் கால்வாசி கூடியிருக்கிறது. இவற்றையெல்லாம் அடக்கிய பிறகுதான், பெரும்பாலும் ராத்திரியில், நல்ல ரீடிங் கிடைக்கும். கணக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் இந்தத் துறையில் ஒருவரைக் கரையேற்றுவது அளக்கும் பழக்கமும் கைப்பழக்கமும்தான். அந்தப் பழக்கத்தை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தபடியே, பி.எஸ்சி. முதலாண்டிலேயே ஆரம்பித்துவிடலாம்.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. நாட்டின் குவாண்டம் ஆய்வில் பெரும்பங்கு நடக்கும் பெங்களூரு, ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கி.மீ. தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாக ரயிலே போகிறது. இந்திய அறிவியல் நிறுவனமும் (ஐஐஎஸ்சி), சி.வி. ராமன் 1948ல் தொடங்கிய ராமன் ஆய்வு நிறுவனமும் காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன.

எந்தக் கிளை?

துறை ஒன்றுதான், வேலை நான்கு விதம். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து ஐந்தாறு வருடம் உங்கள் கை எதைத் தொடும் என்பது முடிவாகிவிடும்.

குளிர் அணுக்கள், அயனிகள்: ரூபிடியம் போன்ற அணுக்களை லேசரால் மைக்ரோகெல்வின் வரை குளிர்வித்துப் பிடித்து வைப்பது. லேசரும் வெற்றிடமும் சம பங்கு. பொறுமை அதிகம் வேண்டும்.

ஒளித்துகள்கள்: 405 நானோமீட்டர் லேசரை ஒரு படிகத்தில் செலுத்தி 810 நானோமீட்டரில் பின்னிப் பிணைந்த இரட்டை ஒளித்துகள்களை உண்டாக்குவது. குவாண்டம் தகவல் பாதுகாப்பு இந்தப் பக்கம். மேசை சிறியது, ஆனால் கண்ணாடிகளைச் சீரமைப்பதில் கை நிதானம் வேண்டும்.

மீக்கடத்திச் சுற்றுகள் (குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் சுற்றுகள்): அலுமினியத்தில் செய்த சின்னச் சுற்றை 10, 20 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்து மைக்ரோவேவால் இயக்குவது. 2025ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவரின் வேலை இதற்கு அடித்தளம். இ.சி.இ. படித்தவர்களுக்கு இது நெருக்கமான கிளை.

வைரக் குறைபாட்டு உணரிகள்: வைரத்துக்குள் ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் ஒரு காலியிடமும் இருக்கும் மையம். 532 நானோமீட்டர் பச்சை லேசர், 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் இரண்டும் போதும், சாதாரண அறை வெப்பத்திலேயே காந்தப்புலத்தை அளக்கலாம். செலவு குறைவு என்பதால் புதிதாகத் தொடங்கும் ஆய்வகங்கள் பல இதைத் தேர்ந்தெடுக்கின்றன.

பிளஸ் டூ முடித்தே இதை முடிவு செய்ய வேண்டியதில்லை. எம்.எஸ்சி. முடிவில் முடிவு செய்தால் போதும்.

பட்டப்படிப்பு

பி.எஸ்சி. இயற்பியல் நேர்வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. இரண்டு மாவட்டங்களும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் இரண்டு மாதத் தொகையே கீழே சொல்லப்போகும் முதல் சுற்றின் உதிரிபாகங்களுக்குப் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. துணைப்பாடமாகக் கணிதம் இருக்கட்டும். வேறு துணைப்பாடம் எடுத்துவிட்டு, பிறகு ஐஐடி எம்.எஸ்சி. சேர்க்கையில் கணிதம் இத்தனை செமஸ்டர் படித்திருக்க வேண்டும் என்ற விதியில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொறியியல் படிப்பவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. அல்லது இ.இ.இ. படித்து, பொறியியல் முதுநிலைக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி, ஐஐஎஸ்சியில் குவாண்டம் தொழில்நுட்பத்துக்கென்றே இருக்கும் எம்.டெக். படிப்புக்கு முயலலாம். மைக்ரோவேவ் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். ஸ்மித் வரைபடம் (மைக்ரோவேவ் சுற்றின் மின்மறுப்பைக் காட்டும் வட்ட வரைபடம்), டெசிபல் கணக்கு இரண்டும் மீக்கடத்தி ஆய்வகத்தில் தினமும் பேசும் மொழி.

கணிதத்தில் எது முக்கியம் என்றால் அணிகளும் திசையன் வெளியும். இரண்டு நிலை கொண்ட ஒரு அமைப்பை 2க்கு 2 அணியாக எழுதி, அதன் மேல் ஒரு அலைவுப் புலம் படும்போது நிலை எப்படி ஊசலாடுகிறது என்பதை பைத்தானில் நீங்களே நிரல் எழுதிப் படமாக வரைய வேண்டும். மூன்றாமாண்டு முடிவதற்குள் அது வந்துவிட்டால் எந்தக் கிளைக்குப் போனாலும் உதவும்.

லேப் நோட்டு: இன்றே மாற்ற வேண்டிய பழக்கம்

நம் கல்லூரிகளில் அப்சர்வேஷன் நோட்டு ஒன்று, அழகாக எழுதிய ரெக்கார்டு நோட்டு ஒன்று. மதிப்பெண் ரெக்கார்டுக்குத்தான். விடை புத்தக மதிப்புக்கு வரவில்லையென்றால் ரீடிங்கைத் திருத்தி எழுதும் வழக்கமும் இருக்கிறது. ஆய்வுக்கு இதைவிடக் கேடான பயிற்சி வேறில்லை. பொருந்தாத ரீடிங்தான் கருவியில் என்ன கோளாறு என்று சொல்லப் போகிறது. அதை அழித்துவிட்டால் கோளாறு அப்படியே இருக்கும், அதைக் காட்டிக்கொடுத்த சாட்சிதான் போய்விடும்.

தனியாக ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். பக்க எண் போடுங்கள். பேனாவால் மட்டும் எழுதுங்கள், தவறை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

“மார்ச் 4, மாலை 4.10. அறை வெப்பம் 33 டிகிரி. ஃபேன் ஓடுகிறது. சிவப்பு எல்இடி, மின்தடை 10 கிலோ ஓம். வெளியீடு 0.62 வோல்ட், மில்லிவோல்ட் அளவில் நடுங்குகிறது. ட்யூப்லைட்டை அணைத்ததும் நடுக்கம் பாதியானது. 4.25: பெட்டி மூடியில் கறுப்பு டேப் ஒட்டினேன். நடுக்கம் மேலும் குறைந்தது. ஆக வெளி ஒளி உள்ளே வருகிறது.”

நேரம், சூழல், மாற்றியது எது, விளைந்தது என்ன என்ற நான்கும் இருந்தால் ஆறு மாதம் கழித்தும் அந்தப் பக்கம் பேசும். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றாதீர்கள்.

முதல் கருவி: மின்னணுக்கள் எண்ணிக்கையாக வருவதைக் காட்டும் சுற்று

ஒளி படும்போது போட்டோடையோடில் ஓடும் மின்னோட்டம் வழவழப்பான ஓட்டமல்ல. தனித்தனி மின்னணுக்கள் மழைத்துளிபோல ஒழுங்கில்லாமல் வந்து விழுகின்றன. அந்த ஒழுங்கின்மைதான் ஷாட் இரைச்சல். பெரிய குவாண்டம் ஆய்வகங்களிலும் ஓர் அளவீடு நல்லதா என்று பார்க்கும் முதல் கோடு இதுதான். கல்லூரி ஆய்வகத்து ஆசிலோஸ்கோப் இருந்தால் இதை தருமபுரியிலேயே அளக்கலாம்.

தேவையானவை: பிபிடபிள்யூ 34 போட்டோடையோடு, டிஎல் 072 ஆப்-ஆம்ப் பெருக்கி (ஒரே சில்லில் இரண்டு இருக்கும்), 1 மெகா ஓம் மெட்டல் ஃபிலிம் மின்தடை, 10 பிகோஃபாரட் மின்தேக்கி, 10 நானோஃபாரட் மின்தேக்கி, 100 கிலோ ஓம் இரண்டு, 10 கிலோ ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி மூன்று, சிவப்பு எல்இடி, அதன் ஒளியைக் கூட்டிக் குறைக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், மூடியுள்ள தகர பிஸ்கட் டப்பா. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ எல்லாம் கிடைக்கும்.

முதலில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைப் பொதுப்புள்ளியாக (கிரவுண்ட்) வைத்து, ஆப்-ஆம்புக்கு கூட்டல் 9, கழித்தல் 9 வோல்ட் கொடுங்கள். கரண்ட் அடாப்டர் வேண்டாம், அதன் இரைச்சல் நீங்கள் தேடுவதை மூழ்கடித்துவிடும்.

முதல் ஆப்-ஆம்பின் கழித்தல் முனையில் போட்டோடையோடை இணையுங்கள். போட்டோடையோடின் மறுமுனையும் ஆப்-ஆம்பின் கூட்டல் முனையும் பொதுவுக்கு. வெளியீட்டிலிருந்து கழித்தல் முனைக்கு 1 மெகா ஓம், அதற்கு இணையாக 10 பிகோஃபாரட். இப்போது 1 மைக்ரோஆம்பியர் ஒளிமின்னோட்டம் 1 வோல்ட்டாகத் தெரியும்.

அந்த வெளியீட்டை 10 நானோஃபாரட் வழியாக இரண்டாவது ஆப்-ஆம்பின் கூட்டல் முனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 100 கிலோ ஓம் ஒன்றைப் பொதுவுக்கு இறக்குங்கள். இது 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டும். இன்னொரு 100 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் சேர்ந்து 101 மடங்கு பெருக்கம் தரும்.

எல்இடியை மூன்றாவது பேட்டரியில், 10 கிலோ ஓம் அளவிலான தொடர் மின்தடையோடு ஓட்டுங்கள். எல்லாவற்றையும் டப்பாவுக்குள் வைத்து மூடி, டப்பாவைப் பொதுப்புள்ளியோடு இணையுங்கள்.

ஒளியைக் கூட்டிக்கொண்டே போய் முதல் நிலையில் 0, 0.2, 0.4 என 2 வோல்ட் வரை வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாம் நிலை வெளியீட்டின் ஆர்எம்எஸ் மதிப்பை (நடுக்கத்தின் சராசரி அளவு) குறியுங்கள். முழு இருட்டில் சுமார் 2 மில்லிவோல்ட் இருக்கும், அது 1 மெகா ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சலும் ஆப்-ஆம்பின் இரைச்சலும். ஒளி 1 வோல்ட் தரும்போது 7, 8 மில்லிவோல்ட் அளவுக்கு வர வேண்டும்.

இப்போது முக்கியமான வரைபடம்: ஆர்எம்எஸ் மதிப்பின் வர்க்கத்தை மேலே, ஒளியின் வோல்ட்டைக் கீழே வைத்து வரையுங்கள். நேர்கோடு வந்தால் அது ஷாட் இரைச்சல், சாய்விலிருந்து மின்னணுவின் மின்னேற்றத்தையே கணக்கிடலாம். கோடு மேல்நோக்கி வளைந்தால் உங்கள் ஒளிமூலமே நடுங்குகிறது என்று அர்த்தம். மூலத்தின் நடுக்கம் ஒளியின் வர்க்கத்தில் கூடும், துகள்களின் ஒழுங்கின்மை ஒளியின் அளவில் மட்டும் கூடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கையால் பிடித்துப் பார்த்தவருக்கு, பிறகு ஆய்வுக் கட்டுரையில் “குவாண்டம் எல்லை” என்று வரும்போது அது வெறும் சொல்லாக இருக்காது.

எங்கே தவறும்? 10 பிகோஃபாரட்டை விட்டுவிட்டால் சுற்று தானாக அலைவு போடும், ஸ்கோப்பில் அழகான சைன் அலை தெரியும், அதை சிக்னல் என்று நம்பிவிடாதீர்கள். பிரெட்போர்டில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளே சில பிகோஃபாரட் மின்தேக்கியாக நடந்துகொள்ளும், ஆகவே துளையிட்ட சர்க்யூட் பலகையில் சால்டர் செய்யுங்கள். கழித்தல் முனைக் கம்பி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், அது ஆன்டெனாவாகிவிடும். 100 ஹெர்ட்ஸ் வந்தால் ட்யூப்லைட், 50 ஹெர்ட்ஸ் வந்தால் மின்கம்பி. இதிலேயே ஒரு மாதம் போகலாம், போகட்டும்.

கிரானைட்டும் லேத் பட்டறையும்

ஒளியியல் மேசை லட்சக்கணக்கில் விலை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுவை மில்களில் மிஞ்சும் துண்டு கேட்டால் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் கனம் இருந்தால் எடை ஏறக்குறைய 48 கிலோ. அதை அரைவாசி காற்றடித்த ஸ்கூட்டர் டியூபின் மேல் வையுங்கள். காற்றை இறுக்கமாக அடித்தால் தரை அதிர்வு அப்படியே மேலே வரும், கல்லை விரலால் அழுத்திவிட்டால் மெதுவாக ஆடி அடங்க வேண்டும். அதன் மேல் ஒரு மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் அமையுங்கள்: ஒரு கற்றையை இரண்டாகப் பிரித்து, கண்ணாடிகளில் திருப்பி, மீண்டும் சேர்த்து ஒளிப் பட்டைகளை உண்டாக்கும் அமைப்பு. 650 நானோமீட்டர் லேசரில் கண்ணாடி 325 நானோமீட்டர் நகர்ந்தாலே ஒரு பட்டை தாண்டும். தேசிய நெடுஞ்சாலை 44க்குப் பக்கத்துக் கல்லூரியானால் லாரி போவது பட்டைகளில் தெரியும். அதன் இரண்டு ஒளிப்பாதைகளின் நீளத்தையும் சில மில்லிமீட்டருக்குள் சமமாக்காவிட்டால் மலிவான லேசரில் பட்டையே வராது.

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கில் இயந்திரப் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு விடுமுறையில் அங்கே லேத்திலும் மில்லிங்கிலும் கை வைத்துப் பழகுங்கள், வரைபடத்தில் டாலரன்ஸ் (எவ்வளவு அளவுப் பிழையை ஏற்கலாம் என்பது) எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் பாதிப் பாகங்களை நாமே வரைந்து செய்யச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு விஷயங்கள் மனதில் இருக்கட்டும். 304 ஸ்டீல் அறுத்து வளைத்த இடத்தில் லேசாகக் காந்தத்தன்மை பெறும், குளிர் அணு வேலைக்கு 316 நல்லது. வெற்றிடத்துக்குள் போகும் பாகத்தில் அடி மூடிய துளையில் மரை போட்டு ஸ்க்ரூ முறுக்கினால் அடியில் காற்று சிறைப்படும், அது வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். துளையை ஊடே விடுங்கள், அல்லது ஸ்க்ரூவின் நடுவில் துளையிடுங்கள்.

கோடை விடுமுறையும் ஒரு கடிதமும்

இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக நவம்பர் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்தே போடுங்கள். கிடைக்காவிட்டாலும் நேரடியாகப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதலாம். “உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர ஆசை” என்ற கடிதம் நாளுக்குப் பல வருகின்றன, யாரும் திறப்பதில்லை. நான்கு வரி போதும்: யார், எந்தக் கல்லூரி, நீங்களே கட்டி அளந்தது என்ன, ஒரு எண்ணோடு, அவருடைய கட்டுரையில் எந்த அளவீட்டைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். மேலே சொன்ன இரைச்சல் வரைபடத்தை இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று தயங்க வேண்டாம், எளிய சின்ன வாக்கியங்களே நல்லவை.

ஐஐஎஸ்சியின் திறந்த நாளில் ஆய்வகங்களுக்குள் போய்ப் பார்க்கலாம். கேள்வி கேட்க ஏற்றவர்கள் அங்கே நிற்கும் ஆராய்ச்சி மாணவர்கள்தான். கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நானோ உருவாக்கத்தில் நேரடிப் பயிற்சி தரும் ஐஎன்யுபி திட்டமும் ஐஐஎஸ்சியில் நடக்கிறது.

தேர்வுகள்

ஜாம் (ஐஐடிகள் நடத்தும் நுழைவுத் தேர்வு): எம்.எஸ்சி.க்கும், ஐஐஎஸ்சி போன்ற இடங்களின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும். மூன்றாமாண்டின் செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். மைனஸ் மதிப்பெண் முதல் பகுதியின் 30 கேள்விகளுக்கு மட்டும். எண் விடை எழுதும் 20 கேள்விகளில் மைனஸ் கிடையாது, அங்கே ஒன்றையும் காலியாக விடாதீர்கள். இரண்டாமாண்டிலிருந்து பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடுங்கள். நம் செமஸ்டர் தேர்வு வரையறையும் வருவிப்பும் கேட்கும். ஜாம் ஒரு சூழலைக் கொடுத்து எண்ணைக் கேட்கும். இந்த வேறுபாட்டில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் முதல் முறை சறுக்குகிறார்கள்.

எம்.எஸ்சி.க்குப் பிறகு பிஎச்.டி.க்கு சிஎஸ்ஐஆர் நெட் (வருடம் இருமுறை), கேட், ஜெஸ்ட், டிஐஎஃப்ஆர் நுழைவுத் தேர்வு. எல்லாவற்றையும் எழுதுங்கள், பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் “இன்னும் எத்தனை வருஷம்டா படிப்பே, எப்பதான் சம்பாதிப்பே” என்று கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள், அது நியாயமான கேள்விக்கு நியாயமான பதில்.

நேர்முகத்தில் பரிசோதனைக் குழுக்கள் கேட்பது எளிமையாக இருக்கும், ஆனால் ஆழமாகப் போகும். ஒரு ஆர்சி சுற்றுக்குச் சதுர அலை கொடுத்தால் வெளியீட்டை வரையச் சொல்வார்கள். நீங்கள் செய்த சோதனையில் பிழை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். “தெரியவில்லை, ஆனால் இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்” என்பது நல்ல விடை.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது

நிறுவனத்தின் பெயரைவிட ஆய்வகத்தின் நிலைமை முக்கியம். சேரும் முன் அங்குள்ள மூத்த மாணவர்களைத் தனியாகக் கேளுங்கள்: கருவி ஓடுகிறதா, இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்களா? கடைசியாகப் பட்டம் பெற்றவருக்கு எத்தனை வருடம் ஆயிற்று? கருவி பழுதானால் யார் சரிசெய்வார்? புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்தில் நிறையக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் முதல் இரண்டு வருடம் கட்டுமானத்திலேயே போகும். அதைத் தெரிந்தே சேருங்கள்.

பணச்சூழல் இப்போது சாதகமாக இருக்கிறது. 2023 ஏப்ரல் 19ல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கீடு. குவாண்டம் கணினிக்கு ஐஐஎஸ்சி, தகவல் தொடர்புக்கு ஐஐடி மெட்ராஸ், உணரிகளுக்கு ஐஐடி பம்பாய், பொருட்களுக்கும் சாதனங்களுக்கும் ஐஐடி டெல்லி என்று நான்கு மையங்கள். நம் மாவட்டங்களிலிருந்து பார்த்தால் இரண்டு மையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆய்வகத்தில் முதல் வருடம்: என்ன பழுதாகும், ஏன்

லேசர். முதல் நாளிலேயே மோதிரம், வாட்ச் கழற்றும் பழக்கம் வரட்டும். ரூபிடியத்துக்கான 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், ஆனால் 50 மில்லிவாட் விழித்திரையைச் சுட்டுவிடும். கீழே விழுந்த ஸ்க்ரூவை எடுக்கக் குனியும்போது கற்றையின் உயரத்தைக் கண் கடக்கும், அப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

குளிர் அணு ஆய்வகத்தில் முதலில் தரப்படும் வேலை நிறைவு உட்கவர் நிறமாலை. ரூபிடியம் குப்பி வழியாக லேசரை அனுப்பி அதிர்வெண்ணை நகர்த்தினால் நான்கு அகன்ற பள்ளங்கள் தெரியும், ஒவ்வொன்றும் 500 மெகாஹெர்ட்ஸ் அளவு அகலம். எதிர்த்திசையில் வலுவான இன்னொரு கற்றையை விட்டால் அந்தப் பள்ளங்களுக்குள் ஊசிபோல முகடுகள் முளைக்கும். உண்மையான அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். முகடுகள் தடித்துத் தெரிந்தால் ஆய்வுக் கற்றையின் (முதலில் அனுப்பிய மெல்லிய கற்றை) திறன் அதிகம், 2 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 10, 20 மைக்ரோவாட் போதும்.

புதியவர் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு: ரூபிடியம் 87ல் பெரிதாகத் தெரியும் முகடு உண்மையான அணு வரி அல்ல, இரண்டு வரிகளுக்கு நடுவே தோன்றும் குறுக்கு முகடு. குளிர்விக்கும் வரியிலிருந்து அது 133 மெகாஹெர்ட்ஸ் கீழே இருக்கும். அதில் லேசரைப் பூட்டிவிட்டு (அதாவது அதிர்வெண்ணை அங்கேயே நகராமல் நிறுத்திவிட்டு) அணுக்கள் ஏன் சிக்கவில்லை என்று நாள் முழுக்கத் தேடுவார்கள். பல ஆய்வகங்கள் வேண்டுமென்றே அதில் பூட்டி, மீதி அதிர்வெண்ணை ஒலி-ஒளி பண்பேற்றியால் (ஒலி அலையைக் கொண்டு ஒளியின் அதிர்வெண்ணை நகர்த்தும் கருவி) ஈடுசெய்கின்றன. எதில் பூட்டுகிறோம் என்று தெரிந்து பூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வெற்றிடம். இதில் அவசரப்பட்டால் மாதங்கள் போகும். கையுறை இல்லாமல் தொட்ட ஒரு விரல் ரேகையே எண்ணெய்ப் படலமாக நின்று அழுத்தத்தை இறங்கவிடாது. செம்பு கேஸ்கட்டை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். போல்ட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக, சுற்றுக்கு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு கலத்தை அலுமினியத் தாளில் சுற்றி 150 முதல் 200 டிகிரியில் பல நாள் சூடாக்க வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் நிமிடத்துக்கு ஒரு டிகிரியைத் தாண்டக் கூடாது, கண்ணாடி ஜன்னல் இருந்தால் இன்னும் மெதுவாக. நடுவில் கரண்ட் போனால் ஜன்னல் விரிசல் விடலாம், ஆகவே சூடாக்கும் நாட்களுக்கு யுபிஎஸ், ஜெனரேட்டர் இரண்டையும் முன்கூட்டியே சோதியுங்கள்.

அழுத்தம் இறங்காவிட்டால் ஏன் என்று மீதவாயு பகுப்பான் (கலத்தில் மிஞ்சிய வாயுக்களை மூலக்கூறு நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி) சொல்லும். நிறை 18 உயர்ந்திருந்தால் தண்ணீர், இன்னும் சூடாக்க வேண்டும். 28ம் 32ம் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்து 40ம் கொஞ்சம் தெரிந்தால் வெளிக்காற்று கசிகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியம் ஊதி நிறை 4 எங்கே எகிறுகிறது என்று பாருங்கள். ஹீலியம் மேலே ஏறும் வாயு, எனவே உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். எல்லாம் முடிந்து 2 மட்டும் மிஞ்சினால் அது ஸ்டீலிலிருந்து வரும் ஹைட்ரஜன், கலம் தயார்.

ஒளித்துகள் எண்ணிக்கை. ஒற்றை ஒளித்துகள் உணரி அறை விளக்கில் திறந்திருந்தால் கெட்டுவிடும். விளக்கை அணைத்துவிட்டு உணரியை இயக்குவதை ஒரு சடங்காகவே வையுங்கள். இன்னொன்று தற்செயல் இணைகள். இரண்டு உணரியும் நொடிக்கு 50,000 எண்ணி, ஒருங்கிசைவுச் சாளரம் (இரண்டும் ஒரே நேரத்தில் வந்தவை என்று கொள்ளும் இடைவெளி) 10 நானோநொடியாக இருந்தால் நொடிக்கு 25 பொய் இணைகள் வரும். அவற்றைக் கழிக்கும் முன், கழித்த பின் என இரண்டு மதிப்பையும் எழுதுங்கள். பெல் சோதனையில் (ஒளித்துகள்கள் உண்மையிலேயே பின்னிப் பிணைந்தவையா என்று பார்ப்பது) குவாண்டம் அல்லாத விளக்கங்களின் எல்லை 2, குவாண்டம் தரும் உச்சம் 2√2, அதாவது 2.83. 2.83ஐத் தாண்டி வந்தால் மகிழ வேண்டாம், கணக்கில் பிழை.

குளிர்கலம். மீக்கடத்திச் சுற்று இயங்கும் 5 கிகாஹெர்ட்ஸ் என்பது 240 மில்லிகெல்வினுக்குச் சமம். சுற்று அதைவிட வெகு கீழே இருந்தால்தான் வெப்ப ஒளித்துகள்கள் அதைத் தொந்தரவு செய்யாது. ஆகவே மேலிருந்து வரும் கேபிளில் படிப்படியாக மொத்தம் 60 டெசிபல் அளவுக்கு மட்டுப்படுத்திகள் (சிக்னலையும் அதோடு வரும் இரைச்சலையும் குறைக்கும் பாகங்கள்). குளிர்விக்க ஓரிரு நாள், சூடேற்ற மேலும் நாள். தளர்ந்த ஒரு கனெக்டருக்காக ஒரு வாரம் போகும். மூடும் முன் முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் ஒவ்வொரு எஸ்எம்ஏ கனெக்டரையும் இறுக்கி, அறை வெப்பத்திலேயே நெட்வொர்க் அனலைசரில் ஒவ்வொரு கம்பியையும் அளந்து, படத்தைச் சேமித்து வையுங்கள். குளிர்ந்த பின் சிக்னல் வராவிட்டால் ஒப்பிட அந்தப் படம் ஒன்றுதான் கையில் இருக்கும்.

பட்டத்துக்குப் பிறகு

பிஎச்.டி. முடிக்க ஐந்தரை, ஆறு வருடம் ஆகும். கடைசி வருடத்துக்கு முந்தைய வருடமே போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கடிதங்கள் எழுதத் தொடங்குங்கள். விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், மாநாட்டில் போஸ்டர் முன் நின்று பேசியவருக்கு எழுதுவதே பலன் தருகிறது. கல்வித்துறை வேண்டாம் என்பவருக்கும் இடமுண்டு. 2024ல் டிஐஎஃப்ஆர், டிஆர்டிஓ, டிசிஎஸ் மூன்றும் சேர்ந்து 6 க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) செயலியைச் சோதித்துக் காட்டின. 2025ல் பெங்களூருவின் க்யூபிஐஏஐ நிறுவனம் 25 க்யூபிட் கணினியை அறிமுகப்படுத்தியது. இத்தகைய இடங்களுக்கு வெற்றிடம், மைக்ரோவேவ், லேசர் பூட்டு, எஃப்பிஜிஏ (நிரலால் மாற்றியமைக்கக்கூடிய மின்னணுச் சில்லு) நிரல் தெரிந்த ஆள் வேண்டும். தன்விவரக் குறிப்பில் “குவாண்டம் இயற்பியலில் ஆர்வம்” என்று எழுதாமல், எந்தக் கருவியைக் கட்டினீர்கள், எந்த அழுத்தம், எந்த வெப்பம், எத்தனை நாள் பூட்டு விடாமல் நின்றது என்று எண்ணோடு எழுதுங்கள். பி.எஸ்சி.யில் தொடங்கிய லேப் நோட்டுகளை அதுவரை பத்திரமாக வைத்திருந்தால் அந்த எண்கள் எல்லாம் அதிலேயே இருக்கும்.